மொறுமொறுப்பான தக்காளிக்காய் வறுவல்: செய்யும் முறையும் செய்யக் கூடாதவையும்



ஜோகூரில் ஆண்டுக் கடைசி மழை பிடித்துக்கொண்டால் என் கிளினிக்குக்குக் காய்ச்சல், சளியோடு ஒரு கேள்வியும் வந்து சேரும். இந்த முறை அதைக் கொண்டு வந்தவர் பிரஷர் மாத்திரை வாங்க வந்த ஓர் அம்மா. கையை நீட்டிக்கொண்டே கேட்டார்: "ஐயா, வீட்டுப் பின்னாடி தக்காளிச் செடி அஞ்சாறு நின்னுச்சு. ஒரே நாள்ல எல்லாம் வாடிப் போச்சு. காய் மட்டும் பச்சையா நெறைய கெடக்கு. மக போன்ல பாத்துட்டு வட்டமா வெட்டிப் பொரிச்சுக் குடுன்னு கேக்குறா. பக்கத்து வீட்டுல அது விஷம்ங்குறாங்க. சாப்பிடலாமா, கூடாதா?"

சாப்பிடலாம் என்றேன். ஆனால் அந்த ஒரு சொல்லோடு அனுப்ப மனமில்லாமல் சற்று நேரம் உட்காரவைத்துப் பேசினேன். அன்று பேசியதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

முதலில் அந்தச் செடிகள் ஏன் வாடின என்று பார்ப்போம். கேமரன் மலைக் குளிரில் தக்காளி சுகமாக வளரும். நம்முடைய குளுவாங், சிகாமாட், கூலாய் பக்கத்து வெயிலிலும் ஈரத்திலும் அதற்குப் பெரிய எதிரி மண்ணில் வாழும் ஒரு வாடல் கிருமி. காலையில் பச்சைப் பசேலென்று நின்ற செடி மறுநாள் வெந்நீர் ஊற்றியது போல் தொங்கிவிடும். இலை மஞ்சளாவதற்குக்கூட நேரம் இருக்காது. சந்தேகமிருந்தால் அடித்தண்டை ஒரு சாண் வெட்டி, கண்ணாடிக் கிளாஸில் உள்ள தண்ணீரில் வெட்டுவாய் படும்படி தொங்கவிடுங்கள். சில நிமிடத்தில் வெட்டுவாயிலிருந்து பால் நூல் மாதிரி வெள்ளையாக இறங்கினால் அந்தக் கிருமிதான். அது மனிதரைப் பிடிக்கும் கிருமி அல்ல. ஆகவே காய் கெட்டியாக, அழுகல் இல்லாமல் இருந்தால் பறித்துக்கொள்ளலாம். செடியை வேரோடு பிடுங்கித் தூரப் போடுங்கள். அதே மண்ணில் உடனே தக்காளி, கத்தரி, மிளகாய் வைக்காதீர்கள். மூன்றும் ஒரே குடும்பம், மூன்றையும் அது பிடிக்கும்.

ஒன்றை மட்டும் கண்டிப்பாகச் சொல்லிவிடுகிறேன். வெள்ளத் தண்ணீரில் மூழ்கிய காய் வேண்டவே வேண்டாம். 2006 டிசம்பரிலும் 2007 ஜனவரியிலும் கோத்தா திங்கி, சிகாமாட் எல்லாம் மூழ்கியதை மறந்திருக்க மாட்டீர்கள். 2023 மார்ச்சிலும் சிகாமாட், பத்து பகாட் பக்கம் தண்ணீர் புகுந்தது. வெள்ளத் தண்ணீரில் கக்கூஸ் கழிவும் இருக்கும், எலி மூத்திரமும் இருக்கும். எலிக் காய்ச்சல் வருவது அந்த வழியாகத்தான். நாலு காய்க்காக அந்த வம்பு எதற்கு?

இனி, விஷம் என்ற பேச்சு. பக்கத்து வீட்டுக்காரர் சொன்னதிலும் கொஞ்சம் உண்மை உண்டு. தக்காளிச் செடியின் இலையிலும் தண்டிலும் பிஞ்சிலும் 'டொமாடின்' என்ற கசப்புப் பொருள் இருக்கிறது. பூச்சி தின்னாமல் இருக்கச் செடி தனக்கே செய்துகொள்ளும் மருந்து அது. காய் பெருக்கப் பெருக்க, பழுக்கப் பழுக்க அது குறைந்துகொண்டே போகும். முளைவிட்டுப் பச்சையாகிப்போன உருளைக்கிழங்கில் இருக்கும் 'சோலனின்' இதைவிடக் கொடியது. அதைத் தூக்கி எறிவதே சரி. முற்றிய பச்சைத் தக்காளியை ஊறுகாயாகவும் கூட்டாகவும் பல நாட்டார் சாப்பிட்டு வருகிறார்கள். நம் பாட்டிமார்கள் தக்காளிக்காயில் துவையல் அரைக்கவில்லையா? ஆகவே அளவோடு சாப்பிடப் பயமில்லை. இலையையும் தண்டையும் கொழுந்துப் பிஞ்சையும் சட்டியில் போடாதீர்கள். வாயில் வைத்ததும் கசந்தால் துப்பிவிடுங்கள்.

முற்றிய காயை எப்படித் தெரிந்துகொள்வது? முழு அளவுக்குப் பெருத்திருக்கும். கரும்பச்சை போய் வெளிர் பச்சையாகி மினுமினுக்கும். ஒன்றைக் குறுக்கே வெட்டிப் பாருங்கள். விதையைச் சுற்றிக் கொழகொழப்பு இருந்து, கத்தி பட்டதும் விதை வெட்டுப்படாமல் நழுவினால் முற்றிய காய். விதையும் சேர்ந்து வெட்டுப்பட்டால் பிஞ்சு. முற்றியதைப் பழுத்த வாழைப்பழம் ஒன்றோடு காகிதத்தில் சுற்றி வைத்தால் தானே பழுத்தும் விடும். பழமாக வேண்டுமென்றால் ஐஸ்பெட்டியில் வைக்காதீர்கள்.

செய்முறை

அமெரிக்காவில் இதற்குச் சோளக் குருணை மாவு போடுவார்கள். இந்தப் பலகாரத்தின் பெயரிலேயே 1991இல் ஓர் ஆங்கிலப் படம்கூட வந்தது. நமக்கு அரிசி மாவும் ரவையும் போதும். அரிசி மாவில் கோதுமையின் இழுவை கிடையாது, அதனால் மொறுமொறுப்பு நன்றாக நிற்கும்.

நடுத்தரக் காய் நாலு எடுத்து, பென்சில் தடிப்புக்கு வட்டமாக நறுக்குங்கள். இதைவிட மெலிந்தால் குழைந்துவிடும், தடித்தால் உள்ளே வேகாது. அரைத் தேக்கரண்டி உப்பை மேலே தூவி இருபது நிமிடம் சும்மா விடுங்கள். தக்காளியில் நூற்றுக்குத் தொண்ணூறு பங்குக்கு மேல் தண்ணீர்தான். உப்பு அதில் கொஞ்சத்தை வெளியே இழுத்துவிடும். வந்த தண்ணீரைச் சுத்தமான துணியால் இரண்டு பக்கமும் ஒற்றி எடுங்கள். பலர் இதைச் செய்ய மாட்டார்கள். பிறகு "ஐயா, மாவு கழண்டு போச்சு, எண்ணெய் தெறிக்குது" என்பார்கள். தெறிப்பது எண்ணெய்க்குள் போன தண்ணீர்தான்.

மூன்று தட்டு வையுங்கள். முதல் தட்டில் மூன்று மேசைக் கரண்டி கோதுமை மாவு. இரண்டாவதில் ஒரு முட்டையை இரண்டு கரண்டி தண்ணீர் விட்டு அடித்தது. சைவக்காரர்கள் கெட்டி மோர் வைத்துக்கொள்ளலாம். மூன்றாவதில் அரை கப் அரிசி மாவு, கால் கப் ரவை, அரைத் தேக்கரண்டி மிளகாய்த் தூள், மஞ்சள் ஒரு சிட்டிகை, பொடித்த சீரகம் கொஞ்சம். மாவில் மறுபடி உப்புப் போட வேண்டாம், காயில் போட்டது போதும். வட்டங்களை முதல் தட்டில் புரட்டி உதறி, இரண்டாவதில் நனைத்து, மூன்றாவதில் அழுத்தி எடுத்துப் பத்து நிமிடம் ஆறவிடுங்கள். அப்போதுதான் மாவு காயைப் பிடித்துக்கொள்ளும்.

எண்ணெய் குவாலி நிறைய வேண்டாம், விரல் தடிப்புக்கு இருந்தால் போதும். காய்ந்ததா என்று பார்க்க மரக்குச்சியின் நுனியை விடுங்கள். குச்சியைச் சுற்றிச் சின்னச் சின்ன முத்தாகக் குமிழி வந்தால் சரியான சூடு. குமிழி வராவிட்டால் இன்னும் காயவில்லை. அந்த எண்ணெயில் போட்டால் காய் எண்ணெய் குடித்துத் தொளதொளவென்றாகும். புகை கிளம்பினால் சூடு மிஞ்சிவிட்டது, தீயைக் குறையுங்கள். ஒரு தடவைக்கு நாலு வட்டம், ஐந்து வட்டம் போதும். அதிகம் போட்டால் எண்ணெய் குளிர்ந்துவிடும். பக்கத்துக்கு இரண்டு மூன்று நிமிடம், பொன்னிறம் வந்ததும் எடுத்துவிடலாம். எடுத்ததை ஒன்றன் மேல் ஒன்றாகக் குவிக்காதீர்கள். ஆவி உள்ளேயே அடைபட்டு மொறுமொறுப்புப் போய்விடும். கம்பி வலைமேல் பரப்பி வையுங்கள். எனக்கு வாழைக்காய் பஜ்ஜியைவிட இதுதான் பிடிக்கிறது, அந்தப் புளிப்புக்காக.

இனிப்பு நீர் உள்ளவர்கள் என்னைத் திட்ட வேண்டாம். 2019ஆம் ஆண்டு தேசிய சுகாதார ஆய்வில் நாட்டின் பெரியவர்களில் 18.3 விழுக்காட்டினருக்கு நீரிழிவு இருந்தது. 2023இல் அது 15.6 விழுக்காடு. இரண்டு ஆய்விலுமே நம் இந்தியர்களிடம்தான் கூடுதல். தக்காளிக்காய் உங்களுக்குக் கெடுதல் இல்லை. அதைச் சுற்றியுள்ள மாவும் எண்ணெயும்தான் கணக்கில் வரும். தோசைக்கல்லில் இரண்டு தேக்கரண்டி எண்ணெய் விட்டு, மெல்லிய மாவோடு சுட்டு எடுத்தால் முக்கால் பங்கு ருசி கிடைத்துவிடும். மூன்று வட்டத்தோடு நிறுத்திக்கொண்டு, அன்றைக்குச் சோற்றில் ஒரு கரண்டி குறையுங்கள்.

பொரித்த எண்ணெயைப் பற்றி. விலை ஏறிய காலத்தில் ஊற்றிவிட மனம் வராதுதான். மாவுத்தூள் இல்லாமல் வடிகட்டி, மூடியுள்ள கண்ணாடி ஜாடியில் வைத்து இன்னொரு தடவை பொரிக்கலாம். கறுத்துப்போனாலும், நுரை கட்டினாலும், பிசுபிசுத்தாலும், பழைய நாற்றம் அடித்தாலும் அதோடு விட்டுவிடுங்கள். கால்வாயில் ஊற்றாதீர்கள், அடைத்துக்கொள்ளும்.

ஜாடி என்றேனே, அதில் ஒரு விஷயம் பாக்கி இருக்கிறது. மருந்தடிக்கும் டின்னையும் பாட்டிலையும் கழுவி எண்ணெயோ தண்ணீரோ வைக்கும் பழக்கம் இன்னும் சில வீடுகளில் இருக்கிறது. எத்தனை தடவை சோப்புப் போட்டாலும் பிளாஸ்டிக்கில் ஊறியது போகாது. பாராகுவாட் மருந்து நம் நாட்டில் 2020 ஜனவரி 1 முதல் தடை செய்யப்பட்டது. ஆனால் பழைய பாட்டில் ஏதும் ஸ்டோரின் மூலையிலோ, வீட்டுக் கூரைக்கடியிலோ கிடந்தால் தொடாமல் கிராணியிடமோ என்னிடமோ சொல்லுங்கள். அதில் ஒரு வாய் உள்ளே போனாலும் நாங்கள் கையைப் பிசைந்துகொண்டு நிற்க வேண்டியதுதான். தோட்டத்துப் புல் மருந்தைக் கொண்டுவந்து வீட்டுக் காய்கறியில் அடிப்பதும் கூடாது.

குவாலி தீப்பிடித்தால், கை சுட்டால்

இதை எழுதாமல் பொரியல் முறையை மட்டும் எழுதியிருந்தால் எனக்குத் தூக்கம் வராது. பல ஆண்டுகளுக்கு முன் வேறொரு தோட்டத்தில் நான் வேலை பார்த்தபோது, சாயங்காலம் ஏழு மணிக்கு ஒரு தாய் மூன்று வயதுப் பையனைத் தூக்கிக்கொண்டு ஓடிவந்தார். அடுப்பு தரையில் இருந்திருக்கிறது, குவாலியின் கைப்பிடி வெளிப்பக்கம் நீட்டிக்கொண்டு இருந்திருக்கிறது. பையன் பிடித்து இழுத்துவிட்டான். இடது தோளும் நெஞ்சும் வெந்துவிட்டன. அதன்மேல் அக்கம்பக்கத்தார் பற்பசையை அப்பியிருந்தார்கள், பாதிக்கு மேல் கிச்சாப்பும் ஊற்றியிருந்தார்கள். எல்லோரும் நல்லெண்ணத்தில் செய்ததுதான். அதைத் துடைத்து எடுக்கும்போது அந்தப் பிள்ளை போட்ட சத்தம் இன்னும் என் காதில் இருக்கிறது. வேனில் ஏற்றிப் பட்டணத்து ஆஸ்பத்திரிக்கு அனுப்பினேன். பிழைத்துக்கொண்டான். இப்போது வாலிபன். அந்தத் தோளை முழுசாகத் தூக்க முடியாது.

சுட்டவுடன் செய்ய வேண்டியது ஒன்றுதான். குழாயைத் திறந்து, ஓடும் தண்ணீரில் இருபது நிமிடம் காட்டுங்கள். ஐஸ் வேண்டாம், பற்பசை, கிச்சாப், மை, வெண்ணெய், முட்டை வெள்ளை எதுவும் வேண்டாம். மோதிரம், வளையலை வீங்குவதற்குள் கழற்றிவிடுங்கள். ஒட்டிக்கொண்ட துணியைப் பிய்க்காதீர்கள், கொப்புளத்தை உடைக்காதீர்கள். சுத்தமான துணியையோ, சாப்பாடு மூடும் மெல்லிய பிளாஸ்டிக்கையோ லேசாக மேலே போட்டு மூடி அழைத்து வாருங்கள். சின்னப் பிள்ளை என்றாலும், முகம், கை, மூட்டு, மறைவிடம் என்றாலும், சுட்டவரின் உள்ளங்கையைவிடப் பெரிய புண் என்றாலும் என்னிடம் வந்து காத்திருக்க வேண்டாம். 999க்கு அடியுங்கள், அல்லது நேரே ஆஸ்பத்திரிக்குப் போங்கள். தண்ணீர் காட்டும் இருபது நிமிடத்தை மட்டும் குறைக்காதீர்கள்.

எண்ணெயே தீப்பிடித்தால் தண்ணீர் ஊற்றவே கூடாது. தண்ணீர் எண்ணெயைவிடக் கனம், அடிக்குப் போய் ஒரே நொடியில் ஆவியாகி, எரியும் எண்ணெயைக் கூரை வரைக்கும் தூக்கி எறியும். பலகை வீட்டில் அப்புறம் என்ன மிஞ்சும்? கேஸ் குமிழை மூடுங்கள். பெரிய மூடியைப் பக்கவாட்டிலிருந்து தள்ளி குவாலியை மூடுங்கள். ஆறும் வரைக்கும் திறந்து பார்க்காதீர்கள். எரியும் சட்டியைத் தூக்கிக்கொண்டு வாசலுக்கு ஓடுவதும் வேண்டாம். பொரிக்கும் நேரத்தில் மூடியைக் கைக்கெட்டும் இடத்தில் வைத்துக்கொள்ளுங்கள், கைப்பிடியைச் சுவர்ப் பக்கம் திருப்பிவிடுங்கள். பிள்ளைகளுக்கு அடுப்பைச் சுற்றி மூன்றடிக்குள் வேலையில்லை என்று சொல்லி வையுங்கள்.

அந்த அம்மா போன வாரம் மறுபடி பிரஷர் பார்க்க வந்தார். காகிதத்தில் சுற்றி ஆறு வட்டம் கொண்டுவந்திருந்தார். மொறுமொறுப்பு நன்றாகத்தான் இருந்தது. நான் மூன்று சாப்பிட்டேன், மருந்து கட்டும் பெண் இரண்டு. பிரஷரைப் பார்த்தால் 150க்கு மேல் நிற்கிறது. "மாவுலயும் உப்புப் போட்டீங்களா?" என்று கேட்டேன். "லேசாத்தான் ஐயா, ஒரு சிட்டிகை" என்று சிரித்தார். அடுத்த தடவை அதுவும் இல்லாமல் செய்து கொண்டுவரச் சொல்லியிருக்கிறேன்.