பிரியம் மட்டும் போதாது, தங்கச்சி



நாட்டிங்ஹாம் பல்கலைக்கழகத்தின் செமினி வளாகத்தில் உயிர்மருத்துவ அறிவியல் முடித்தாயிற்று, இனிக் கால்நடை மருத்துவம் படிக்கப் போகிறேன் என்று நீ சொன்னதும் அப்பா, "மறுபடியும் முதலிலிருந்தா?" என்று கேட்டாராம். கேட்டதில் தப்பே இல்லை. தேர்வுக் குழுவும் அதையேதான் கேட்கும், கொஞ்சம் மரியாதையான வார்த்தைகளில். அப்பாவுக்குப் பதில் சொல்லிப் பழகிக்கொள்.

முதலில் வழிகள். நாட்டிங்ஹாம் பல்கலைக்கழகம் 2005இல் செமினிக்கு வந்தது. மறு ஆண்டே இங்கிலாந்தில், சட்டன் போனிங்டனில், அதன் கால்நடை மருத்துவப் பள்ளி தொடங்கியது. பெயர் ஒன்று என்பதற்காக அங்கே உனக்கு இடம் எடுத்து வைத்திருக்க மாட்டார்கள். மற்றவர்களோடு சேர்ந்து நீயும் போட்டியிட வேண்டும். உள்நாட்டில், உனக்குப் பக்கத்திலேயே செர்டாங்கில், பூத்ரா பல்கலைக்கழகத்தின் கால்நடை மருத்துவப் புலம் 1972இல் உருவானது. கிளந்தான் பல்கலைக்கழகத்திலும் இந்தப் படிப்பு உண்டு. இரண்டிலும் ஐந்து ஆண்டுகள். எஸ்.டி.பி.எம்., மெட்ரிகுலேஷன் முடித்து வருகிறவர்கள்தான் அங்கே பெரும்பாலும் சேர்கிறார்கள். பட்டம் பெற்றவர் எந்த வழியாக விண்ணப்பிக்க வேண்டும் என்பதைச் செர்டாங் அலுவலகத்துக்கு நேரில் போய்க் கேள். கஜாங் நெரிசலைக் கணக்கில் சேர்த்தாலும் அரை நாள் வேலைதான்.

ஆஸ்திரேலியாவில் மெல்பர்ன், சிட்னி இரண்டிலும் பட்டதாரிகளுக்கென்றே நான்கு ஆண்டுப் படிப்பு இருக்கிறது. நீ படித்த உயிரியலும் உயிர்வேதியியலும் அங்கே நேரடியாகக் கைகொடுக்கும். ஒரு வருடம் மிச்சம், ஆனால் கட்டணம் கனம். சென்னை வேப்பேரியில் 1903இல் தொடங்கிய கல்லூரியைப் பற்றியும் கேட்டிருந்தாய். பயிற்சிக் காலத்தோடு ஐந்தரை ஆண்டு ஆகும். அங்கே மேல்நிலைப் பள்ளி மதிப்பெண்தான் அடிப்படை, உன் பட்டத்துக்குத் தனி மதிப்பு கிடைக்காது.

எங்கே போனாலும் ஒன்றை மட்டும் முதலில் பார்த்துவிடு. 1974ஆம் ஆண்டுக் கால்நடை மருத்துவர் சட்டப்படி, இங்கே தொழில் செய்ய மலேசியக் கால்நடை மருத்துவர் மன்றத்தில் பதிவு வேண்டும். நீ வாங்கப் போகும் பட்டத்தை மன்றம் ஏற்கிறதா என்று பணம் கட்டுவதற்கு முன்பே உறுதி செய்துகொள். முகவர் சொன்னார், அண்ணன் சொன்னார் என்பதெல்லாம் சான்று ஆகாது.

இனி உன் விண்ணப்பம். "சிறு வயது முதல் பிராணிகள் என்றால் உயிர்" என்று தொடங்கியிருக்கிறாய். குழுவின் மேசையில் உள்ள எல்லாக் கடிதங்களும் அப்படித்தான் தொடங்கும். பதினெட்டு வயதுப் பிள்ளை எழுதினால் பொறுத்துக்கொள்வார்கள். பட்டதாரி, தான் பார்த்ததை எழுத வேண்டும். ஆகவே போய்ப் பார்.

கஜாங்கிலோ செமினியிலோ ஒரு கிளினிக்கில் சனிக்கிழமைகளில் நிற்கக் கேள். கூண்டு கழுவச் சொல்வார்கள், கழுவு. அங்கே நீ கவனிக்க வேண்டியது பூனையை மட்டுமல்ல, அதைத் தூக்கி வந்தவரையும்தான். அரசாங்கக் கிளினிக்கில் நமக்கு ஒரு வெள்ளியில் வைத்தியம் நடக்கிறது. தனியார் கிளினிக்குக்கு வரும் பூனைக்கு அந்தச் சலுகை இல்லை. எலும்பு முறிவுக்கு அறுவை சிகிச்சை என்றால் எவ்வளவு என்று கேட்டு, சத்தமில்லாமல் கைப்பையைப் பார்க்கிறவரிடம் மருத்துவர் எப்படிப் பேசுகிறார் என்று கவனி. இந்தத் தொழிலில் பாதி நாள் அந்தப் பேச்சுதான்.

பிறகு ஒரு பால்பண்ணைக்குப் போ. தோட்டப் பாட்டாளிகளாக வந்த நம் முன்னோர் காலத்தில் இந்தியாவிலிருந்து வந்த மாடுகளின் வழித்தோன்றல்களை இன்றும் 'லோக்கல் இந்தியன் டெய்ரி' என்று தனி வகையாகச் சொல்கிறார்கள். லயன் வீட்டுக்குப் பின்னால் மாடு கட்டியிருந்த தாத்தா பாட்டி நம் குடும்பத்திலும் இருக்கலாம், விசாரித்துப் பார். ஆனால் அந்தப் பெருமையோடு நின்றுவிடாதே. பசுவின் பின்வழியே தோள்வரை கைவிட்டுச் சினை பார்ப்பதை ஒரு தடவையாவது அருகே நின்று பார்த்து, 'இதை என்னால் செய்ய முடியுமா' என்று கேட்டுக்கொள்.

அறுப்புக்கூடத்தையும் மறைக்காமல் சொல்கிறேன். இறைச்சிப் பரிசோதனை பாடத்தில் உண்டு. மாட்டிறைச்சி வீட்டுக்குள் வராத குடும்பத்துப் பிள்ளை நீ. மாட்டின் ஈரலைக் கையிலெடுத்து வெட்டிப் பார்க்க வேண்டிய நாள் வரும். பன்றியும் பாடத்தில் உண்டு. வேறு மதத்து வகுப்புத் தோழர்களுக்கு அது இதே மாதிரிச் சோதனைதான். இதை வீட்டில் இப்போதே பேசிவிடு, மூன்றாம் ஆண்டில் அழுதுகொண்டு பேசாதே.

உன் முதல் பட்டம் எதற்கு உதவும் என்று கேட்டாயே, நிப்பா வைரஸ் கண்டுபிடிக்கப்பட்ட கதையைப் படி. 1998 செப்டம்பரில் ஈப்போ பக்கம் மூளைக்காய்ச்சல் தொடங்கியது. ஜப்பானிய மூளைக்காய்ச்சல் என்று நினைத்துக் கொசுமருந்து அடித்தார்கள், தடுப்பூசி போட்டார்கள். நோய் நிற்கவில்லை. விழுந்தவர்களில் பெரும்பாலோர் பன்றிகளோடு வேலை செய்த பெரியவர்கள். கொசு எல்லாரையும்தானே கடிக்கும்? பன்றிகளும் உரக்க இருமிக்கொண்டிருந்தன. நோய் நெகிரி செம்பிலானின் புக்கிட் பெலாண்டோக் வரை இறங்கியது. 1999 மார்ச்சில் மலாயாப் பல்கலைக்கழகத்தில் டாக்டர் சுவா காவ் பிங் புதிய வைரஸைப் பிரித்தெடுத்தார். மலேசியாவில் 265 பேரைத் தாக்கி 105 பேரைக் கொன்ற நோய் அது. பத்து லட்சத்துக்கும் மேற்பட்ட பன்றிகளை அழித்தார்கள். மூலம் பழந்தின்னி வௌவால். பன்றித் தொழுவத்தை ஒட்டிய பழ மரங்களில் அது தின்று போட்ட மிச்சம் பன்றிக்குப் போயிருக்க வேண்டும் என்கிறார்கள்.

தொழுவத்தில் கேட்ட இருமலையும் ஆய்வுக்கூடத்துக் கண்ணாடித் தகட்டையும் ஒரே கதையாகச் சேர்த்துப் பார்க்கத் தெரிந்தவர் அன்று தேவைப்பட்டார், இன்றும் தேவைப்படுகிறார். ஆய்வுக்கூடம் உனக்குப் பழக்கம். தொழுவம் இன்னும் பாக்கி. "மறுபடியும் முதலிலிருந்தா?" என்ற கேள்விக்குப் பதில் இதில்தான் இருக்கிறது. பாதி வேலை முடிந்தது, மீதியைக் கற்க வந்திருக்கிறேன் என்று சொல். சொல்வதற்கு முன் அந்த மீதி எப்படி இருக்கும் என்று பார்த்திருக்க வேண்டும், அவ்வளவுதான்.

இந்த மாதம் செய்ய வேண்டியவை: மன்றத்தில் விசாரிப்பது, செர்டாங் போய்க் கேட்பது, கிளினிக் ஒன்றில் சனிக்கிழமைக்குப் பேசி வைப்பது, இப்போதுள்ள படிப்புக் கடனோடு இன்னொன்றைத் தாங்க முடியுமா என்று அப்பாவோடு தாளில் எழுதிக் கூட்டிப் பார்ப்பது. பண்ணையையும் பார்த்த பிறகு விண்ணப்பத்தைத் திருப்பி எழுதி எனக்கு அனுப்பு. "சிறு வயது முதல்" அதில் மறுபடி தென்பட்டால் சிவப்பு மையில் அடித்துத்தான் திருப்பி அனுப்புவேன்.

அன்புடன்,
உன் அண்ணன்