ஒரு வெள்ளியில் ஆறு எழுத்து

ஒரு டிசம்பர் கடைசி வாரம், இரவுச் சாப்பாடு முடிந்ததும் எங்கள் மேசை பள்ளி உணவகமாக மாறியது. நான் நூடல்ஸ் கடை ஆன்ட்டி. மகன் தட்டை ஏந்தி வரிசையில் நின்றான். அவனுக்கு முன்னால் இரண்டு தலையணைகள். ஒரு தட்டு ஒரு வெள்ளி ஐம்பது காசு என்றேன். கையிலிருந்த ஒரு வெள்ளி நாணயத்தை நீட்டப்போனவன் நிறுத்திவிட்டு, அதை விளக்குக்கு நேரே பிடித்துத் திருப்பிப் பார்த்தான்.

"அம்மா, இதுல தமிழ் இருக்கு."

சி, ங், க, ப், பூ, ர். ஆறு எழுத்தையும் உதடு கூட்டி முடிக்க அரை நிமிடம் ஆயிற்று. பாலர் பள்ளியில் இரண்டு வருடம் தமிழ் படித்தவன், யாரும் சொல்லாமல் தானாக வாசித்த முதல் சொல் அது. அவன் அக்காவுக்கு அந்தப் பாக்கியம் வேறு விதமாக வாய்த்தது. ரயில் பாதை வேலைக்காக மரின் பரேட் சாலையில் வருடக்கணக்கில் தடுப்பு போட்டிருந்தார்களே, அதில் நான்கு மொழிப் பலகையில் அவள் வாசித்த முதல் தமிழ்ச் சொல் 'அபாயம்'.

சிங்கப்பூரில் எங்கள் காத்தோங் பக்கம் ஜனவரியில் தொடக்கநிலை ஒன்றுக்குப் பிள்ளையை அனுப்பப்போகும் அம்மாக்கள் என்னைக் கேட்கிறார்கள், மூத்தவளுக்கு வீட்டில் என்னவெல்லாம் சொல்லிக்கொடுத்தீர்கள் என்று. சொல்லிக்கொடுக்காமல் இருந்திருக்க வேண்டிய பட்டியல்தான் என்னிடம் நீளம். ஏழு வயதுக்கு ஒரு பள்ளிக்கூடம் போதும். வீட்டில் அந்தப் பிள்ளைக்கு வேண்டியது பேச ஓர் ஆள்.

செய்ய வேண்டியவை

காசைக் கையில் கொடுத்துப் பழக்குங்கள். இப்போது பல பள்ளிகளில் கைக்கடிகாரத்தை நீட்டித் தட்டினாலே சாப்பாடு வந்துவிடுகிறது. இருக்கட்டும். 5, 10, 20, 50 காசு, ஒரு வெள்ளி என்று ஐந்து நாணயங்களை மேசையில் பரப்பினால் முதல் பருவக் கணக்கு முழுக்க அதில் இருக்கிறது. ஐம்பது காசை எத்தனை விதமாகச் சேர்க்கலாம்? இருபது, இருபது, பத்து. பத்து ஐந்து முறை. வகுப்பில் 'நம்பர் பாண்ட்' என்று வட்டம் போட்டுக் கோடு இழுத்து, பத்து என்பது ஏழும் மூன்றும் என்று காட்டுவதும் இதைத்தான். இங்கே கணக்கை முதலில் பொருளாகத் தொட்டு, பிறகு படமாகப் பார்த்து, கடைசியில்தான் எண்ணாக எழுதச் சொல்கிறார்கள். நாம் அவசரப்பட்டு மூன்றாவது படியில் ஏற்றிவிட்டு, 'ஏன் விளங்கவில்லை' என்கிறோம். வீட்டில் முதல் படியில் எவ்வளவு நேரம் வேண்டுமானாலும் உட்காரலாம். இரண்டு வெள்ளித் தாளைத் திருப்பினால் பின்பக்கத்தில் பள்ளிக்கூடப் படமே இருக்கிறது. அதைப் பார்த்துப் பத்து நிமிடம் கதை பேசலாம்.

தமிழில் பேசுங்கள், நீங்கள் வழக்கமாகப் பேசுகிற தமிழில். 2020 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில், வீட்டில் அதிகம் பேசுவது ஆங்கிலம்தான் என்று சொன்ன இந்தியர்கள் 59.2 விழுக்காடு. தமிழ் என்றவர்கள் 27.9. அதற்குப் பத்து வருடம் முன்னால் இது 36.7 ஆக இருந்தது. வீட்டில் காதில் விழாத மொழி, வாரத்தில் சில பாடவேளைகளில் மட்டும் வந்து போகும் விருந்தாளி ஆகிவிடுகிறது. பிள்ளை அதற்கு மரியாதை கொடுக்கும், உறவாட வராது. புத்தகத் தமிழில்தான் பேச வேண்டுமோ என்று தயங்கி ஆங்கிலத்துக்குத் தாவுகிற பெற்றோர் பலரை எனக்குத் தெரியும். கல்வி அமைச்சு அமைத்த மறுஆய்வுக் குழுவே 2005இல் பேச்சுத் தமிழுக்கு வகுப்பறையில் இடம் கொடுக்கச் சொல்லிவிட்டது. 'வந்தாங்க' என்று வாயாரப் பேசுகிற பிள்ளைக்கு 'வந்தார்கள்' என்று எழுதக் கற்றுக்கொடுக்க ஆசிரியர் இருக்கிறார். பேசவே பேசாத பிள்ளையை வைத்துக்கொண்டு அவர் என்ன செய்வார்?

தெருவை வாசிக்க விடுங்கள். 2024 ஜூன் 23 முதல் எங்கள் வட்டாரத்துக்கு ரயில் வந்துவிட்டது. நிலையத்தின் பெயர் தமிழிலும் இருக்கிறது. 'தஞ்சோங் காத்தோங்' என்பதை ஏழு வயதில் கூட்டி வாசித்தால் ஞ்சோ, த்தோ, ங் எல்லாம் ஒரே மூச்சில் பழகிவிடும். (நன்னூல் கணக்குப்படி தமிழ்ச் சொல் ங் என்று முடியாது. எங்கள் ஊர் இரண்டு முறை முடிகிறது.) நூலகத்தில் தமிழ்ப் புத்தக அடுக்கு பெரியதில்லை, பிள்ளைக்கு அது கவலையும் இல்லை. பிடித்த புத்தகத்தையே எட்டாவது முறை எடுத்தால் எடுக்கட்டும். எட்டாவது முறை நீங்கள் ஒரு வரியைத் தாண்டினால் கையைப் பிடித்து நிறுத்துவான். வாசிப்பு அங்கேதான் தொடங்குகிறது.

தூக்கம். ஏழு வயது முதல் பன்னிரண்டு வயது வரை 9 முதல் 11 மணி நேரம் என்கிறது சுகாதார அமைச்சு. காலை ஆறுக்கு எழுப்ப வேண்டிய வீட்டில் ஒன்பதுக்குள் விளக்கு அணைந்தால்தான் குறைந்தபட்சக் கணக்கே தேறும்.

பள்ளிப் பையைப் பிள்ளையே அடுக்கட்டும். கோணலாக அடுக்கினாலும்.

வாசிக்கத் திணறினால் ஆசிரியரிடம் சீக்கிரம் சொல்லுங்கள். ஆங்கிலத்தில் பின்தங்கியவர்களைத் தொடக்கநிலை ஒன்றின் தொடக்கத்திலேயே கண்டுபிடித்து, எட்டுப் பத்துப் பேராகத் தினமும் அரை மணி நேரம் தனியே சொல்லிக்கொடுக்கும் ஏற்பாடு பள்ளியிலேயே இருக்கிறது. 'என் பிள்ளையை அந்தக் குழுவில் போட்டுவிட்டார்கள்' என்று ஒரு தோழி என்னிடம் அழுதாள். எட்டுப் பேருக்கு ஓர் ஆசிரியர் கிடைப்பதற்கு வெளியே எவ்வளவு வாங்குகிறார்கள் என்று கணக்குச் சொன்னேன், கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

செய்யக்கூடாதவை

ரப்பரைக் கையில் எடுக்காதீர்கள். இது என் பாவக் கணக்கு. மூத்தவள் தொடக்கநிலை ஒன்றில் இருந்தபோது வெள்ளிக்கிழமைதோறும் சொல்வதெழுதுதல். வியாழன் இரவு நான் சொல்ல அவள் எழுதுவாள். 'குரங்கு வாலைப்பழம் தின்றது' என்று எழுதினாள். சிரித்துவிட்டு விட்டிருக்கலாம். நான் ரப்பரை எடுத்து 'லை'யை அழித்தேன். அவள் மறுபடி 'ளை' போட்டாள். அதையும் அழித்தேன். மூன்றாவது முறை காகிதம் கிழிந்து, பின்பக்கத்தில் இருந்த அவளுடைய படமும் சேர்ந்து கிழிந்தது. அவள் அழவில்லை. நோட்டை மூடி என் மடியில் வைத்து, "நீயே எழுதிக்கோம்மா" என்றாள். அதற்குப் பிறகு மூன்று வாரம் என் எதிரில் பென்சிலைத் தொடவில்லை.

ல, ள, ழ மூன்றும் அவள் காதில் ஒன்றாக இருந்தன. பிரச்சினை காதில், நான் அழித்தது காகிதத்தில். குரங்கின் வாலையும் வாழையையும் பத்து முறை எழுத வைப்பதைவிட, இரண்டையும் நாக்கை மடித்துச் சொல்லிச் சிரித்து விளையாடியிருந்தால் வியாழக்கிழமைகள் நன்றாக இருந்திருக்கும். எழுத்தைக் கண்ணாடியில் பார்த்ததுபோல் திருப்பிப் போடுவதும் இந்த வயதில் சாதாரணம்.

இல்லாத பரீட்சைக்குப் படிக்க வைக்காதீர்கள். 2019 முதல் தொடக்கநிலை 1, 2 வகுப்புகளில் மதிப்பெண்ணைக் கணக்கில் சேர்க்கும் தேர்வே கிடையாது. ஆனாலும் புத்தகக் கடையில் 'தொடக்கநிலை 1' பயிற்சிப் புத்தகங்கள் என் இடுப்புயரம் அடுக்கியிருக்கின்றன. 2023 குடும்பச் செலவுக் கணக்கெடுப்பின்படி இந்த ஊர்க் குடும்பங்கள் துணைப்பாட வகுப்புக்குச் செலவழித்தது வருடத்துக்கு 1.8 பில்லியன் வெள்ளி. ஐந்து வருடம் முன்னால் 1.4. தோற்றுவிடுவோமோ என்று பயப்படுகிற 'கியாசு' என்று நம்மை நாமே கேலி செய்துகொண்டே பணம் கட்டுகிறோம். நானும் கட்டினேன். எந்த நிலையம் என்று சொல்ல மாட்டேன். நாலு மாதத்தில் அவள் அங்கே கற்றது, பாத்ரூம் போகக் கேட்டால் வகுப்பில் பத்து நிமிடம் கழியும் என்பது.

'இன்னிக்கு என்ன படிச்சே?' என்று கேட்காதீர்கள். 'ஒண்ணும் இல்ல' என்று பதில் வரும். இடைவேளையில் யார் பக்கத்தில் உட்கார்ந்தாய், யார் அழுதார்கள், ஆசிரியர் எதற்குச் சிரித்தார் என்று கேட்டால் ஒரு நூல் கிடைக்கும். பேருந்தில் கேட்டால் அதுவும் வராது. எங்கள் வீட்டில் எல்லாச் செய்தியும் தோசைக்கல் முன்னால் வரும், நான் முகத்தைத் திருப்பிக்கொண்டு நிற்கும்போது.

பாட்டியின் தமிழைத் தப்பு என்று சொல்லாதீர்கள். காத்தோங்கில் இதைக் கொஞ்சம் அழுத்தியே சொல்ல வேண்டும். சிலோன் ரோட்டில், 1850களில் செண்பக மரத்தடியில் தொடங்கிய ஸ்ரீ செண்பக விநாயகர் ஆலயத்தைச் சுற்றி யாழ்ப்பாண வேர் கொண்ட குடும்பங்கள் உண்டு. அந்த வீடுகளில் அம்மம்மா கதைப்பார், பேச மாட்டார். பக்கத்து வீட்டுப் பெண் 'நான் அம்மம்மாவுடன் கதைத்தேன்' என்று எழுதிய வரியில் சிவப்பு மை விழுந்தது. அன்று மாலை அவள் அம்மம்மாவிடம், "நீங்க கதைக்கக் கூடாது, பேசணும்" என்று கண்டிப்பாகச் சொல்ல, பெரியவர் இரண்டு நாள் வாயைத் திறக்கவே இல்லை. பள்ளியில் ஒரு சொல், வீட்டில் ஒரு சொல், இரண்டும் தமிழ் என்று அம்மா அன்றே சொல்லியிருந்தால் தீர்ந்திருக்கும். ஒரு பிள்ளையிடம் தினமும் தமிழில் பேச மணிக்கணக்கில் நேரம் உள்ள ஒரே ஆள் அந்த வீட்டில் அவர்தான்.

வீட்டுப்பாடம் முடித்தால் கைப்பேசி என்று பேரம் பேசாதீர்கள். ஏழு முதல் பன்னிரண்டு வயது வரை, பள்ளி வேலை தவிர்த்த திரை நேரம் ஒரு நாளைக்கு இரண்டு மணி நேரத்துக்குள் இருக்கட்டும் என்று 2025 தொடக்கத்தில் அரசாங்கமே வழிகாட்டியது. ஆனால் என் ஆட்சேபணை நேரத்தைப் பற்றியதில்லை. படிப்பு கசப்பு, கைப்பேசி வெல்லம் என்று அந்தப் பேரமே பிள்ளைக்குச் சொல்லிவிடுகிறது.

வகுப்புப் பெற்றோர் வாட்ஸ்அப் குழுவை இரவு பத்துக்கு மேல் திறக்காதீர்கள்.

கடைசியாக, முதல் நாள். இடைவேளையில் உணவகத்துக்கு வெளியே, கயிறு கட்டிய இடத்தில் நின்று பார்க்கப் பெற்றோரை விடுவார்கள். நில்லுங்கள், பாருங்கள். கையசைக்காதீர்கள். நான் அசைத்தேன். நூடல்ஸ் வரிசையில் மூன்றாவதாக நின்ற மகன் என்னைப் பார்த்ததும் சிரித்துக்கொண்டு ஓடி வந்தான். திரும்பிப் போனபோது வரிசையில் பதினொன்றாவது ஆள். மணி அடித்தபோது தட்டில் பாதி அப்படியே இருந்தது.