பிளஸ் டூவோடு நின்றுபோன பிள்ளைகள்: கோடரிக்குக் காம்பு போட்டுக் கொடுப்போம்



மே மாதம் பிளஸ் டூ ரிசல்ட் வந்ததும் நம் தெருவில் இனிப்பு வரும். ஆகஸ்ட் மாதம் அதே வீடுகளில் "பையன் எங்கே சேர்ந்திருக்கான்?" என்று கேட்டால் சில இடங்களில் பதில் வராது. ஒரு பையன் பனியன் கம்பெனியில் கைமடியாக வாரத்தில் மூன்று நாள் போகிறான். இன்னொருவன் கூப்பிட்டால் மட்டும் லோடு ஏற்றப் போகிறான். மார்க் நன்றாக வாங்கிய பெண் வீட்டில் இருக்கிறாள். "வரன் வரட்டும்" என்கிறார்கள். இரண்டு வருடம் இப்படிப் போனால் பிள்ளைக்கே நம்பிக்கை போய்விடுகிறது. "இனி யார் சேர்த்துக்கொள்வார்கள்?" என்று ஒதுங்கிவிடுகிறது.

கம்பெனி வேலை இழிவல்ல. அருள்புரத்தில் பாதி அடுப்பு அதில்தான் எரிகிறது. ஆனால் சனிக்கிழமைச் சம்பளம் 18 வயதில் பெரிதாகத் தெரியும். தொழில் கற்காமல் கைமடியாகவே இருப்பவனுக்கு 25 வயதிலும் அதே வேலைதான். ஆர்டர் குறைந்தால் முதலில் நிற்பவனும் அவனே.

இப்படிப்பட்ட பிள்ளைக்கு நாம் வழக்கமாகக் கொடுப்பது அறிவுரை. அது போதாது என்பதற்கு நமக்கு ஒரு பாடம் இருக்கிறது. அபூதாவூத், இப்னு மாஜா நூல்களில் வரும் சம்பவம் பலருக்கும் தெரியும். உதவி கேட்டு வந்த அன்சாரித் தோழரிடம் நபி (ஸல்) அவர்கள் வீட்டில் என்ன இருக்கிறது என்று கேட்டார்கள். ஒரு விரிப்பும் ஒரு பாத்திரமும் இருந்தன. அவற்றை ஏலத்தில் இரண்டு திர்ஹமுக்கு விற்றார்கள். ஒன்றில் வீட்டுக்கு உணவு, மற்றதில் கோடரி வாங்கச் சொன்னார்கள். அந்தக் கோடரிக்குத் தம் கையாலேயே காம்பு போட்டார்கள். விறகு வெட்டி விற்கச் சொல்லி, 15 நாள் கழித்து வரச் சொன்னார்கள். அவர் பத்து திர்ஹமுடன் திரும்பி வந்தார்.

இதில் நமக்கு ஐந்து படிகள் இருக்கின்றன.

முதல் படி: கையில் இருப்பதைக் கேளுங்கள்.
"ஏன் இப்படி இருக்கிறாய்?" என்று தொடங்காதீர்கள். மார்க் பட்டியல், மாற்றுச் சான்றிதழ், சாதிச் சான்றிதழ், ஆதார் இணைத்த வங்கிக் கணக்கு எவை இருக்கின்றன என்று பாருங்கள். இரண்டு வருடம் கம்பெனிக்குப் போனவனுக்கு ஓவர்லாக், செக்கிங் ஏதாவது தெரிந்திருக்கும். அதுவும் கையிருப்புதான்.

இரண்டாம் படி: வீட்டுச் செலவை மறக்காதீர்கள்.
அவன் சம்பளத்தில் வாடகை கட்டும் வீட்டில் "படி" என்று மட்டும் சொன்னால் நடக்காது. 6 முதல் 12 வரை அரசுப் பள்ளியில் படித்தவர்கள் உயர்கல்வியில் சேர்ந்தால் மாதம் 1,000 ரூபாய் நேராக வங்கிக் கணக்குக்கு வருகிறது. பெண்களுக்குப் புதுமைப் பெண் திட்டம் 2022 செப்டம்பரிலும், ஆண்களுக்குத் தமிழ்ப் புதல்வன் திட்டம் 2024 ஆகஸ்டிலும் தொடங்கின. அரசு ஐ.டி.ஐ.யில் படிப்பு இலவசம். மாதம் 750 ரூபாய் உதவித்தொகையும் உண்டு. மீதிக் குறைக்கு ஜமாஅத்தும் உறவினரும் தோள் கொடுக்கலாம். ஏழை மாணவரின் குடும்பத்துக்கு ஜகாத் கொடுப்பது பற்றி உங்கள் இமாமிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

மூன்றாம் படி: சரியான கோடரியைத் தேடுங்கள்.
எல்லோருக்கும் ஒரே படிப்பு பொருந்தாது.
பட்டம் படிக்க விரும்பினால் திருப்பூரில் சிக்கண்ண அரசு கல்லூரி, பெண்களுக்கு நம் பல்லடம் சாலையிலேயே எல்.ஆர்.ஜி. அரசு மகளிர் கல்லூரி, பல்லடத்தில் அரசு கலை அறிவியல் கல்லூரி இருக்கின்றன.
கைத்தொழிலில் ஆர்வம் என்றால் ஐ.டி.ஐ. பிளஸ் டூவில் தோற்றவரும் பத்தாம் வகுப்புத் தேர்ச்சியை வைத்தே அங்கே பல பிரிவுகளில் சேரலாம். ஆண்களுக்கு 40 வயது வரை இடம் உண்டு; பெண்களுக்கு வயது வரம்பில்லை.
கணக்கு, அறிவியல் படித்தவர்கள் பாலிடெக்னிக்கில் நேராக இரண்டாம் ஆண்டில் சேர வழி உண்டு.
பனியன் தொழிலிலேயே மேலே வர நினைப்பவர் பேட்டர்ன், மெர்ச்சண்டைசிங், தரக்கட்டுப்பாடு கற்கலாம். முதலிபாளையத்தில் ஏற்றுமதியாளர்கள் தொடங்கிய நிஃப்ட்-டீ கல்லூரி இதற்கென்றே இருக்கிறது.
ஒன்றிரண்டு பாடத்தில் தோற்றவர் துணைத் தேர்வை முதலில் எழுதி முடிக்கட்டும்.
அரசு கல்லூரிகளில் 2007 முதல் முஸ்லிம்களுக்கு 3.5 சதவீத இடஒதுக்கீடு இருக்கிறது. சாதிச் சான்றிதழ் இல்லாமல் அதைக் கேட்க முடியாது. இ-சேவை மையத்தில் இப்போதே விண்ணப்பியுங்கள்.

நான்காம் படி: காம்பை நீங்களே போடுங்கள்.
பலர் நிற்பது இங்கேதான். இணையத்தில் விண்ணப்பம், கையெழுத்து, கட்டணம், நேர்முகம் என்று நான்கு இடம் அலைய அந்தப் பிள்ளைக்குத் தைரியமில்லை. அத்தா கம்பெனிக்கு லீவு போட முடியாது. அம்மாவுக்கு வழி தெரியாது. படித்த அண்ணனோ அக்காவோ மாமாவோ அரை நாள் கூடப் போனால் போதும். பிளஸ் டூ முடித்துக் கல்லூரியில் சேராதவர்களுக்காக அரசு நடத்தும் "உயர்வுக்குப் படி" முகாமுக்கும் அப்படியே அழைத்துப் போங்கள். கல்லூரி, ஐ.டி.ஐ., வங்கி எல்லோரும் ஒரே இடத்தில் இருப்பார்கள். விவரம் கேட்க 14417 என்ற கல்வி உதவி எண் இருக்கிறது.

ஐந்தாம் படி: நாள் குறியுங்கள்.
"அப்புறம் பார்க்கலாம்" என்பது பாதி தோல்வி. ஐரோப்பிய நாடுகள்கூட 2013-இல் ஒரு கெடு வைத்தன: படிப்பை முடித்தோ வேலையை இழந்தோ நிற்கும் இளைஞருக்கு நான்கு மாதத்துக்குள் வேலையோ படிப்போ பயிற்சியோ கிடைக்கச் செய்ய வேண்டும் என்று. நாம் 15 நாள் வைப்போம். சேர்ந்த பிறகும் முதல் மூன்று மாதம் விசாரியுங்கள். ஆங்கிலம் புரியவில்லை, பஸ் கிடைக்கவில்லை என்ற சின்னக் காரணங்களில்தான் பலர் மறுபடி நின்றுவிடுகிறார்கள்.

இந்த வாரம் வீட்டில் உட்கார்ந்து மூன்று கேள்விக்குப் பதில் எழுதுங்கள்.
1. நம் உறவிலோ தெருவிலோ பிளஸ் டூவோடு நின்ற பிள்ளை யார்?
2. அந்தப் பிள்ளையிடம் எந்தச் சான்றிதழ் இருக்கிறது, எது இல்லை?
3. நம்மில் யார், எந்தத் தேதியில் கூடப் போகிறோம்?

மூன்றாவது கேள்விக்கு ஒரு பெயரும் ஒரு தேதியும் எழுதினால்தான் இந்தப் பாடம் முடிந்ததாகும். இன்ஷா அல்லாஹ், அடுத்த ஆகஸ்டில் நம் தெருவில் யாரிடம் கேட்டாலும் பதில் இருக்கட்டும்.