காலைப் பரபரப்பு தணிய

பள்ளி செல்லும் குழந்தைகள் உள்ள இல்லங்களில் காலை 7 மணிக்கு மேல் எழும் கூச்சலை யாவரும் அறிவர். காலுறை ஒன்று கிடைக்கவில்லை. கணக்கு நோட்டைக் காணவில்லை. தட்டில் இட்டலி பாதியில் நிற்கிறது. கண்ணீரும் அரைவயிறுமாக வேனில் ஏறும் குழந்தை, முதல் பாடவேளையில் எதனைக் கற்கும்?

இதன் வேர் காலையில் இல்லை. முந்தைய இரவில் உள்ளது. வைகறையில் எழுமாறு ஔவைப் பிராட்டியார் ஆத்திசூடியில் பணித்தார். அவ்வாறு எழ வேண்டுமாயின் நேரத்தோடு உறங்குதல் வேண்டும். 6 முதல் 12 வயது வரையுள்ள குழந்தைகளுக்கு நாள்தோறும் 9 மணி நேர உறக்கமேனும் தேவை என்பர் மருத்துவர். காலை 6 மணிக்கு எழ வேண்டிய பிள்ளை இரவு 9 மணிக்குள் கண்ணயர வேண்டும். பெரியோர் தொலைக்காட்சித் தொடரில் ஆழ்ந்திருந்து, பிள்ளையை மட்டும் உறங்கச் சொல்வது பயன் தராது. கைப்பேசிக்கும் அதுவே விதி.

படுக்குமுன் புத்தகப் பையை அடுக்குவதையும் சீருடையை எடுத்து வைப்பதையும் பிள்ளையே செய்யட்டும். பெற்றோர் அருகிருந்து பார்த்தால் போதும். 7 வயதுப் பிள்ளைக்கு இஃது இயலாத காரியமன்று. முதல் வாரம் ஏதேனும் விடுபடும்; கடிந்துகொள்ளற்க.

காலை உணவை எக்காரணத்தாலும் தவிர்க்கலாகாது. பிள்ளைகள் பலர் வெறும் வயிற்றுடன் பள்ளிக்கு வருவதைக் கருதியே, தமிழக அரசு 2022 செப்டம்பர் 15 அன்று மதுரையில் காலை உணவுத் திட்டத்தைத் தொடங்கிற்று. மிகவும் நேரமாகிவிட்ட நாளில் ஒரு வாழைப்பழமும் ஒரு குவளைப் பாலுமேனும் கொடுத்தனுப்புக.