உரையாடற் பொறியும் அதனை ஆளுமாறும்

ஒரு கருமத்தின்பொருட்டுச் சேர்ந்த பலர், ஓரிடத்திற் கூடாமலே எழுத்தினாற் பேசிக்கொள்ளும் உரையாடற் கூடங்கள் இக்காலத்திலே தொழிலகங்களிலும் சங்கங்களிலும் பெருகியுள்ளன. அக்கூடத்திலே தானும் ஓர் உறுப்பினர்போல இருந்து, வினாவியதற்கு விடை கூறியும் ஏவியதைச் செய்தும் உதவுகின்ற கணினி நிரல் உரையாடற் பொறி எனப்படும். 'பொட்' என்பது அதன் வழக்குப் பெயர். அதனை அமைத்தல் எளிது. அமைத்தபின் ஆளுதலே அரிது. இவ்விரண்டும் ஈண்டுச் சுருக்கமாக விளக்கப்படும்.

வரலாறு

இப்பொறிகளுக்கு முன்னோடி எலிசா என்பது. அமெரிக்காவின் மசாசுசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தைச் சேர்ந்த ஜோசப் வைசன்பாம் என்பார் அதனை இயற்றி, 1966ஆம் ஆண்டில் அதுபற்றிக் கட்டுரை வெளியிட்டார். 'தாய்' என்னுஞ் சொல்லைக் கண்டமாத்திரத்தே, 'உமது குடும்பத்தைப் பற்றி இன்னுங் கூறும்' என்னும் பாங்கில் அது விடை தரும். பொருளுணர்ச்சி அதற்கு இல்லை; சொற்பொருத்தம் பார்த்தலே அதன் தொழில். ஆயினும் பழகியோர் பலர் அது தம்மை உணர்ந்ததென மயங்கினர். அது கண்டு கவன்ற வைசன்பாம், கணினியிடம் ஒப்படைக்கத்தகாத கருமங்களும் உள என 1976இல் வெளிவந்த தம் நூலிலே வற்புறுத்தினார்.

1988இல் பின்லாந்திலே ஐ.ஆர்.சி. என்னும் உரையாடல் முறை தோன்றியது. அதன் கூடங்களைக் காவல் செய்தற்கு 1993இல் எக்டிராப் என்னும் பொறி எழுதப்பட்டது. 2011இல் கிட்ஹப் நிறுவனத்தார் தம் பணிக்கென ஆக்கிய ஹியூபொட் என்னும் பொறியை யாவரும் எடுத்தாளுமாறு வெளியிட்டனர். இத்தகைய எளிய பொறிகள் பெரும்பாலும் ஒரே இயல்பின ஆதலின், ஹியூபொட்டையே எடுத்துக்காட்டாகக் கொள்வாம்.

அமைக்கும் முறை

முதலாவது, கணினியில் நோட்.ஜேஎஸ் என்னும் இயக்குநிரலை நிறுவுதல் வேண்டும். ஹியூபொட் அதன் மேலேயே இயங்கும்.

இரண்டாவது, பொறிக்கு ஒரு பெயரிட்டு, கூடத்தோடு இணைக்குமுன் நம் கணினியின் கட்டளைத் திரையிலேயே அதனோடு பேசிப் பார்த்தல் வேண்டும். பலர் முன்னிலையிற் பிழைப்பதினும் தனிமையிற் பிழைத்துத் திருந்துதல் நன்று.

மூன்றாவது, ஸ்லாக் முதலிய கூடங்களுக்கெனத் தனித்தனியே உள்ள 'அடாப்டர்' என்னும் இணைப்பியைச் சேர்த்து, அக்கூடத்தினின்றும் பெற்ற 'டோக்கன்' என்னும் மறைச்சாவியை அதற்கு வழங்குதல் வேண்டும்.

நான்காவது, இரவும் பகலும் ஓயாதியங்கும் ஒரு கணினியில் அதனைக் குடியேற்றுதல் வேண்டும். வீட்டுக் கணினியை மூடினாற் பொறியும் உடன் உறங்கிவிடும்.

ஐந்தாவது, பொறி நினைவிற் கொள்ளவேண்டியவற்றை ரெடிஸ் போன்ற களஞ்சியம் ஒன்றிற் சேமித்தல் வேண்டும். இன்றேல், நிறுத்தித் தொடங்குந்தோறும் யாவற்றையும் மறந்துவிடும்.

சொல்லும் விடையும்

பொறியின் அறிவு முழுவதும் 'ஸ்கிரிப்ட்' எனப்படும் சிறு நிரல்களில் உள்ளது. 'இன்ன சொல் வரின் இன்னது செய்க' என்னும் விதிகளே அவை. ஹியூபொட்டில் இவ்விதிகள் இருவகை. 'ஹியர்' என்பது எவர் எவரோடு பேசினும் அச்சொல் வந்தவிடத்து வினைப்படுவது. 'ரெஸ்பொண்ட்' என்பது பொறியைப் பெயர் சொல்லி அழைத்தாலன்றி வினைப்படாதது. முன்னையதை மிகுதியாக வகுத்தால், பொறி பிறர் பேச்சிலெல்லாம் குறுக்கிடும். உறுப்பினர் சலித்துக் கூடத்தைப் பாராதொழிவர். ஆதலின் பின்னையதே பெரும்பாலும் தகும்.

தமிழில் விதி வகுப்போர் மேலும் ஒன்றை உணர்தல் வேண்டும். 'கூட்டம்' என விதி எழுதினால், 'கூட்டத்தில்' என வரும் வாக்கியம் அகப்படாது. மகரங் கெட்டு அத்துச்சாரியை வந்தமையே காரணம். 'கூட்ட' எனக் குறைத்தெழுதினாலோ, 'கூட்டல்', 'கூட்டணி' என்பனவும் வந்து விழும். புணரிலக்கணம் கற்றார்க்கு இங்கே வேலையுண்டு.

நன்னூலார் வினாவை ஆறாகவும் விடையை எட்டாகவும் வகுத்தார். அவ்வினாக்களுள் எளிய பொறிக்கு ஏற்றவை, விழாத் திகதி யாது எனக் கேட்பது போன்ற அறியா வினாவும், ஒன்றைச் செய்யுமாறு பணிக்கும் ஏவல் வினாவுமே. ஐய வினாவைத் தீர்க்கும் ஆற்றல் அதற்கு இல்லை. விடைகளுள் உடன்பட்டுரைக்கும் நேர் விடையை யாவரும் பொறிக்கு முதலிற் கற்பிப்பர். 'செய்யேன்' என்னும் மறை விடையைக் கற்பிப்போர் சிலரே. அபாயம் அங்கேதான் தொடங்குகின்றது.

ஆளும் முறை

கிட்ஹப் நிறுவனத்தார், புதிய நிரல்களைச் சேவைக் கணினிகளில் ஏற்றும் பெரும்பணியையும் ஹியூபொட்டை ஏவி உரையாடற் கூடத்திலிருந்தே நடத்தினர். ஒருவர் ஏவுவதையும் அதன் பயனையும் யாவரும் ஒருங்கே காண்டலால், புதிதாக வந்தோர் பார்த்தே தொழில் கற்றனர். இம்முறைக்குச் 'சாட்ஒப்ஸ்' என்பது பெயர். ஆயின், யாவரும் காண்பது நன்மையாயினும் யாவரும் ஏவுவது நன்மையாகாது. நாம் விதிக்காவிடின், ஏவுபவர் தலைவரோ நேற்றுச் சேர்ந்தவரோ எனப் பொறி ஆராயாது. அழிக்க என்றால் அழித்துவிடும்.

ஆகவே, அழித்தல், அனுப்புதல் போன்ற மீட்கவியலாத வினைகளுக்கு உரியவர் பட்டியலொன்று வகுத்து, ஏனையோர்க்கு மறை விடையே தருமாறு செய்தல் வேண்டும். உரியவர் ஏவினும், 'மெய்யாகவே செய்யவா?' என ஒருமுறை வினாவிய பின்னரே செய்தல் வேண்டும். மறைச்சாவியை நிரலினுள் எழுதாது புறம்பே காத்தல் வேண்டும். அது பிறர் கைப்பட்டால், பொறியின் பெயரால் அவர் பேசுவர். பட்டதாக ஐயம் எழினும் உடனே பழைய சாவியை நீக்கிப் புதியது பெறுதல் வேண்டும். பொறி எவற்றைக் கேட்கின்றது, எவற்றைச் சேமிக்கின்றது என்பதை உறுப்பினர் யாவர்க்கும் முன்னரே அறிவித்தல் வேண்டும். அறியாமற் கேட்கப்படுதல் எவர்க்கும் உவப்பன்று.

2022ஆம் ஆண்டின் இறுதியில் சட்ஜிபிடி வெளிவந்தபின், தாமே வாக்கியம் புனையும் பொறிகள் பரந்துள்ளன. எளிய பொறி அவ்வாறு புனையாது, கற்பித்ததையே சொல்லும். விழாத் திகதியையும் சந்தா விபரத்தையும் நாள்தோறும் பலர்க்குக் கூற அதுவே சாலும். உலகெங்கும் பரந்துறையும் பழைய மாணவர்தம் உரையாடற் கூடத்திலே அத்தகைய பொறியொன்றை அமைத்தல், உயர்வகுப்பு மாணவர்க்கு நல்ல பயிற்சியாகும். அவர்கள் முதலில் எழுதவேண்டிய விதி, பொறி செய்யத்தகாதன எவை என்பதாகுக.