பனிக்காலத்தில் கடைகால்

நம்மூரில் கடைகால் போட்டால் வெயிலுக்கு அஞ்சி நீர் தெளிப்போம். லடாக்கின் லே நகரிலோ உறைபனிக்கு அஞ்சவேண்டும். ஏன்? நீர் உறைந்தால் ஏறக்குறைய 9 விழுக்காடு பருக்கும். இறுகாத கான்கிரீட்டுக்குள் அவ்வாறு நேர்ந்தால் பிணைப்புக் குலையும். இழந்த வலிமை பின்னர் முழுதும் திரும்பாது. உறைந்த மண்மீது போடுவதும் தவறு: மண் இளகும்போது கடைகால் இறங்கும், சுவர் வெடிக்கும்.

ஆகவே வெப்பநிலை 5° செண்டிகிரேடுக்குக் கீழே இறங்குமானால், குழியிலுள்ள பனியையும் உறைமண்ணையும் முதலில் நீக்குக. கலவைக்கு வெந்நீர் வார்க்க. அது மணலோடும் சல்லியோடும் கலந்தபின்பே சிமெண்டு சேர்க. போட்டவுடன் வைக்கோலும் தார்ப்பாயும் போர்த்துக. சிமெண்டு இறுகுகையில் தானே வெப்பம் விடும். போர்வை அதைக் காக்கும்.

நாளை நம்மில் யாரேனும் அங்கே பணிபுரிய நேரலாம். அவசரப்பட்டுப் போர்வையை விலக்கவேண்டாம். மண்ணுக்குள் மறைந்த பிழையை அவ்வீட்டில் வாழ்பவரே சுமப்பர்.