வெண்ணெய் வேண்டாத சூப்

மகள் பால், தயிர், நெய் மூன்றையும் விட்ட பிறகும் எங்கள் வீட்டில் குழம்பும் பொரியலும் பெரிதாக மாறவில்லை. மாற வேண்டியிருந்தது சூப்தான். வெண்ணெயில் வதக்கி, கார்ன்ஃப்ளார் கரைத்து ஊற்றி, மேலே கிரீம் விட்டு இறக்கும் ஹோட்டல் பாணிதான் எங்களுக்குப் பழக்கம். அவற்றை எடுத்துவிட்டால் மிஞ்சுவது வெந்த காயும் வெந்நீரும்தான் என்று பலர் நினைக்கிறார்கள். பல காலம் செய்து பழகியவள் என்பதால் உறுதியாகச் சொல்கிறேன்: அந்தத் தண்ணீரைச் சரியாகத் தயார் செய்துவிட்டால் வெண்ணெயை யாரும் தேட மாட்டார்கள்.

காய் நறுக்கும்போது விழும் கேரட் நுனி, கொத்தமல்லித் தண்டு, காளான் காம்பு, வெங்காயத்தின் கெட்டியான வெளி அடுக்கு எல்லாவற்றையும் அலசி, ஒரு டப்பாவில் போட்டு ஃப்ரீசரில் வையுங்கள். இரண்டு கைப்பிடி சேர்ந்ததும் ஒன்றரை லிட்டர் தண்ணீரில் நாலைந்து மிளகு தட்டிப் போட்டு, சிறு தீயில் 30 நிமிடம் கொதிக்க விட்டு வடிகட்டுங்கள். முட்டைக்கோஸும் காலிஃபிளவரும் இதில் வேண்டாம். நேரம் ஆக ஆக அவற்றிலிருந்து கந்தக வாடை கிளம்பும். பீட்ரூட் போட்டால் எல்லாமே சிவந்துவிடும்.

அடுத்தது வெங்காயம். இங்கே அவசரப்பட்டால் சூப் சப்பென்று இருக்கும். அடி கனமான பாத்திரத்தில் ஒரு மேசைக்கரண்டி கடலெண்ணெய் விட்டு, பொடியாக நறுக்கிய சின்ன வெங்காயம் பத்து, பூண்டு நான்கு பல், ஒரு சிட்டிகை உப்பு போட்டு மூடி, அடுப்பைக் குறைத்துவிடுங்கள். அவ்வப்போது மூடியைத் திறந்து கிளறிவிட வேண்டும். முதலில் கண்ணைக் கரிக்கும் நெடி வரும். சிறிது நேரத்தில் வெங்காயத்தின் ஓரங்கள் கண்ணாடியாகும், நெடி அடங்கி இனிப்பு வாசனை எழும். சிவக்க விடக் கூடாது. அந்தப் பதத்தில் இரண்டு பழுத்த தக்காளி சேர்த்துக் குழைய வதக்குங்கள். எண்ணெயை மிச்சம் பிடிக்க வேண்டாம். கேரட்டில் உள்ள கரோட்டினை உடல் எடுத்துக்கொள்ளக் கொஞ்சம் கொழுப்பு வேண்டும்.

நாக்கில் நின்று பேசும் அந்த ருசிக்கு அசைவமோ வெண்ணெயோதான் வழி என்பதில்லை. 1908-ல் ஜப்பானிய வேதியியலாளர் கிகுனே இகெடா அந்த ருசிக்குக் காரணமான குளூட்டமேட்டைப் பிரித்தெடுத்தது கொம்பு என்ற கடற்பாசியிலிருந்துதான். பழுத்த தக்காளியிலும் காளானிலும் அது இயல்பாகவே இருக்கிறது. காளான் கிடைக்கும் நாளில் நான்கைந்து நறுக்கிப் போடாமல் இருக்க எனக்கு மனம் வராது.

கெட்டிப்படுத்த நான் நம்புவது பாசிப்பருப்பை. நான்கு பேருக்கு இரண்டு மேசைக்கரண்டி போதும். குழைய வேகவைத்து மசித்துச் சேர்த்தால் கார்ன்ஃப்ளாரின் கொழகொழப்பு இல்லாமல் இதமான கெட்டி கிடைக்கும், கொஞ்சம் புரதமும் சேரும். தேங்காய்ப்பால் விரும்புகிறவர்கள் அடுப்பை அணைத்த பிறகு ஊற்ற வேண்டும், கொதித்தால் திரிந்துவிடும்.

வதக்கியதில் வடிகட்டிய தண்ணீரை ஊற்றி, கேரட்டை முதலில் போடுங்கள். ஐந்து நிமிடம் கழித்து பீன்ஸ், கடைசியில் சௌசௌ அல்லது சுரைக்காய். எல்லாவற்றையும் ஒன்றாகப் போட்டுக் குக்கரில் விசில் விட்டால் காய்க்குக் காய் வித்தியாசமே இருக்காது. காய் வெந்ததும் பருப்பைக் கலந்து ஒரு கொதி விட்டு, அதன் பிறகுதான் உப்பு; தண்ணீர் சுண்டும் என்பதால் முன்பே போட்டால் கரித்துவிடும். மிளகுத்தூளும் எலுமிச்சைச் சாறும் இறக்கிய பின்.

பாக்கெட் சூப் பொடி வாங்குகிறவர்கள் பின்பக்கம் அச்சிட்டிருக்கும் பொருள் பட்டியலைப் படித்துவிடுங்கள். பச்சைப் புள்ளி சைவம் என்று மட்டுமே சொல்கிறது. உள்ளே பால்பொடி இருக்கலாம். மிஞ்சிய சூப் ஃப்ரிட்ஜில் பருப்பால் இறுகிவிடும். மறுநாள் வெந்நீர் விட்டுத் தளர்த்திச் சூடாக்கி, உப்பை ஒருமுறை சரிபார்த்துவிட்டுப் பரிமாறுங்கள்.